சேவலுக்குக் கல்லெடுத்த நாடு

(ஓசூர் வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஓசூரில் நாள்தோறும் விடியலில் இரண்டு ஒலிகள் எழுகின்றன. ஒன்று ஆலைச்சங்கின் ஒலி. மற்றொன்று சேவலின் கூவல். முன்னது 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் வந்தது. பின்னது அதற்குப் பல நூறு தலைமுறைகளுக்கு முன்பே இம்மண்ணில் ஒலித்தது. பேருந்துக்கும் ஆலைக்கும் ஓடுகின்ற இந்நாளிலும், வரிசைவீடுகளின் பின்புறத்திலும் மொட்டைமாடியின் மூலையிலும் ஒரு கூடு இருக்கிறது. அதில் ஒரு சேவலும் இரண்டு மூன்று கோழிகளும் இருக்கின்றன. ஊத்தங்கரையிலிருந்தோ போச்சம்பள்ளியிலிருந்தோ வேலை தேடி வந்த உழைப்பாளி, பெட்டி படுக்கையோடு தன் ஊர்க் கோழியையும் கொண்டு வந்துவிட்டான். ஊரை விட்டு வந்தவனுக்கு அக்கோழியே ஊர்.

தமிழ் கேட்க வந்த இடத்தில் கோழிப் பேச்சா என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மொழி ஏடுகளில் மட்டும் வாழ்வதன்று. கொல்லையில், தொழுவத்தில், களத்தில், சந்தையில் வழங்கும் சொற்களே அதன் வேர்கள். கொல்லையில் ஓர் உயிரினம் அற்றுப் போனால், அதனோடு பத்துச் சொற்கள் அற்றுப் போகும். ஒரு சொல் அற்றுப் போனால், அச்சொல் குறித்த அறிவும் அற்றுப் போகும். ஆகவே கோழியைப் பற்றிய பேச்சும் தமிழைப் பற்றிய பேச்சே.

பழந்தமிழர் கோழியை எவ்வாறு மதித்தனர் என்பதற்குக் கல்லே சான்று கூறுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கல் உள்ளது. அதில் செதுக்கப்பட்டிருப்பது மன்னனும் அல்லன், மறவனும் அல்லன், ஒரு சேவல். முகையூர் மேற்சேரியின் சேவல் என்று அக்கல் அதனைக் குறிக்கிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 5 ஆம் நூற்றாண்டு என்பர் கல்வெட்டறிஞர். மதுராந்தகம் பக்கத்து இந்தளூரில் மற்றொரு கல். அது கீழ்ச்சேரிக் கோழிக்கு எடுத்த கல். அக்கோழிக்குப் பெயரும் இருந்தது. பொற்கொற்றி என்பது அப்பெயர். உலகில் எத்தனையோ நாட்டினர் வென்ற அரசனுக்குத் தூண் எழுப்பினர். தன் சேரிக்காகப் பொருது மாய்ந்த ஒரு பறவைக்குப் பெயர் பொறித்துக் கல் எடுத்தவர் தமிழர். கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கங்களில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்களைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு, நடுகல் என்பது எத்துணைப் பெருமைக்குரியது என்று விளக்க வேண்டுவதில்லை. அப்பெருமையில் சேவலுக்கும் பங்கு கிடைத்தது.

சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையை எதிர்த்து ஒரு கோழி வென்ற இடம் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் கரணியம். இலக்கண நூலாகிய தொல்காப்பியமும் மரபியலில் கோழியை மறக்கவில்லை. பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை அது வகுத்தது. பறவை ஆணுக்குச் சேவல் என்னும் பெயரை உரியதாக்கியது. கோழியின் பெண்ணுக்கு அளகு என்னும் பெயரைக் குறித்து வைத்தது. இன்று அளகு என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? கற்றவர்க்கே தெரியாது. ஆனால் முட்டையிடும் பருவத்துக்கு வரும் இளங்கோழியை வெடைக்கோழி என்று தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உழவர் பெண் இன்றும் சொல்லுகிறாள். அவள் எந்தக் கல்லூரியிலும் தமிழ் பயின்றவள் அல்லள். அவள் வாயில் சொல் வாழ்கிறது; அவள் கொல்லையில் கோழி வாழ்வதால் வாழ்கிறது.

இவ்வெல்லைப் பகுதியில் வேறொரு வியப்பும் உண்டு. ஒரே தெருவில் தமிழ் வீடும் கன்னட வீடும் தெலுங்கு வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. வேலி தாண்டி அடுத்த கொல்லைக்குப் போன கோழியைத் தேடுங்கால், மூன்று மொழியினரும் ஒரு சொல்லின் மூன்று வடிவங்களால்தான் கேட்டுக்கொள்கின்றனர். ஒரு தாய் வயிற்று மொழிகள் என்பதை எடுத்துக் காட்டப் பேரகரமுதலி தேவையில்லை. ஒரு கோழி போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருமை பேசுங்கால் பொய் பேசலாகாது. கோழியை உலகிலேயே முதன்முதல் பழக்கியவர் தமிழரே என்று மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். அதற்குச் சான்று இல்லை. செங்காட்டுக்கோழி என்னும் இனமே வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளையே வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான தடயம் என்கிறது. அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை. இதனை ஏற்பதால் தமிழுக்குக் குறைவொன்றும் இல்லை.

மெய்யாகவே பெருமைப்படத் தக்கது வேறொன்று உளது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் சாம்பல்நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. அது இந்தியத் தீவக்குறையின் தென்பகுதியையும் மேற்கு, நடுப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட இனம். வேறு நாடுகளில் இயற்கையாக வாழ்வதன்று. 2008 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். உலகெங்கும் வளர்க்கப்பெறும் வீட்டுக்கோழிகள் பலவற்றில் தோலும் காலும் மஞ்சளாக இருக்கின்றன. அம்மஞ்சள், செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. இச்சாம்பல் காட்டுக்கோழியின் குருதிவழியே வந்தது என்பதே அவ்வுண்மை. அமெரிக்காவில் ஒருவன் மஞ்சட்கால் கோழியை வளர்ப்பானாயின், அக்காலின் நிறம் தென்னாட்டுக் காட்டிலிருந்து சென்ற நிறமாகும். இக்காட்டுக்கோழியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பில் ஆர்வம் உடையவர் அதனைக் கண்ணால் கண்டு மகிழ்தல் வேண்டும், கண்ணிவைத்துப் பிடித்தலாகாது.

இனி, சேவல் கடல் கடந்த கதையைக் கேண்மின். இந்நாட்டுப் பொருசேவல்களை, அசீல் என்று அயலார் அழைக்கும் அவ்வினத்தை, ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். கார்ன்வால் பகுதியில் அவற்றைத் தம் சேவல்களோடு கலந்து ஒரு புதிய இனத்தை உருவாக்கினர். அவர்களே அதற்கு இட்ட பெயர் இந்தியப் பொருகோழி என்னும் பொருளது. கார்னிசு என்பது அதன் மறுபெயர். அகன்ற மார்புடைய அக்கார்னிசுச் சேவலையும், பிளைமவுத்து ராக் என்னும் அமெரிக்க இனத்துக் கோழியையும் இணைத்தே, இன்று பிராய்லர் என்று கடைத்தெருவில் விற்கப்படும் கறிக்கோழியின் வழி உருவாயிற்று. ஓசூர் நெடுஞ்சாலையில் கூண்டு கூண்டாகச் சரக்குந்தில் செல்லும் வெள்ளைக்கோழியைப் பார்த்து, இது அயல்நாட்டுக்கோழி என்று சொல்லுகின்றோம். அதன் மார்புச் சதையில் இந்நாட்டுச் சேவலின் குருதியும் கலந்திருக்கிறது. இங்கிருந்து சென்ற வித்து, அங்கே பெயர் மாறி, உருமாறி, விலைப்பட்டியல் ஒட்டி இங்கேயே திரும்பி வந்திருக்கிறது!

அஃது எவ்வாறு நிகழ்ந்தது? ஆங்கிலேயனுக்கு நம்மிலும் மிகுந்த அறிவு இருந்ததாலா? இல்லை. அவன் ஒரு வேலை செய்தான்; நாம் அதனைச் செய்யவில்லை. அவன் எழுதி வைத்தான்.

இங்கிலாந்திலும் சேவற்போர் பெருங்களியாட்டமாக இருந்தது. 1835 ஆம் ஆண்டிலும் 1849 ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் அதனைத் தடுத்தன. சேவல் வளர்த்தவர் என்ன செய்தனர்? சேவலைக் கொன்று தின்றுவிட்டு வேறு வேலை பார்க்கவில்லை. போரில் காட்டிய ஆர்வத்தைப் பொலிவில் காட்டத் தொடங்கினர். 1845 இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடைபெற்றது. கண்காட்சி என்றால் நடுவர் வேண்டும். நடுவர் என்றால் அளவுகோல் வேண்டும். ஆகவே 1865 இல் கண்காட்சிக் கோழிகளின் சிறப்பியல்புகளை வரையறுக்கும் நூலொன்றை அச்சிட்டனர். எந்த இனத்துக்கு எத்தகைய கொண்டை, எந்நிறக் கால், எவ்வாறான வால் என்று உறுப்பு உறுப்பாக எழுதினர். அமெரிக்கர் 1873 இல் கோழிவளர்ப்போர் கழகம் கண்டு, மறு ஆண்டே தம் வரையறை நூலை வெளியிட்டனர். இன்று ஓர் இனத்தின் பெயரைச் சொன்னால், உலகில் எங்கிருப்பவனும் அந்நூலைப் பிரித்து அதன் இலக்கணத்தை அறிந்துகொள்கிறான்.

தமிழர்க்கு எழுத்துக்கு இலக்கணம் உண்டு; சொல்லுக்கு உண்டு; பொருளுக்கு உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அகத்துக்கும் புறத்துக்கும் இலக்கணம் வகுத்த இனத்துக்குத் தன் கொல்லைச் சேவலுக்கு இலக்கணம் வகுக்க இயலாதா?

இலக்கணம் வகுக்கத் தக்க செல்வம் இங்கு நிறைய உண்டு. பெருவிடை, சிறுவிடை என்னும் பெயர்களைக் கேளுங்கள். எத்துணைத் தூய தமிழ்! உயர்ந்த காலும் இறுகிய உடலும் கொண்டது பெருவிடை; நன்கு வளர்ந்த சேவல் 3 முதல் 5 கிலோ எடை நிற்கும். சிற்றுடலும் சுறுசுறுப்பும் கொண்டது சிறுவிடை. அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் அதற்கு இணை அதுவே. கழுத்தில் இறகில்லாத கோழி உண்டு, குட்டைக்கால் கோழி உண்டு, கொண்டைக்கோழி உண்டு. கண்காட்சிக்கென்றே பேணப்படுவது கிளிமூக்கு விசிறிவால் சேவல். கிளியினது போல் வளைந்த குறுகிய அலகு, விசிறிபோல் விரிந்து நிலத்தைத் தொடும் நீண்ட வால், நிமிர்ந்த கழுத்து, முத்துப் போன்ற வெண்ணிறக் கண் ஆகியவை அதன் அழகுகள். இவ்வகைச் சேவல்களுக்குத் திண்டுக்கல் முதலிய ஊர்களில் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆர்வலர்கள் சேவல்களைக் கொண்டு வருகின்றனர். அங்கே சண்டை இல்லை; கத்தி இல்லை; குருதி இல்லை. கூண்டில் நிமிர்ந்து நிற்கும் சேவலை நடுவர் சுற்றி வந்து பார்க்கின்றனர். அலகையும் வாலையும் காலையும் உயரத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பரிசு தருகின்றனர். 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவதைக் குற்றமென்கிறது. கல்லெடுத்த காலத்தின் மறத்தைப் போற்றலாம். காலில் கத்தி கட்டிப் பணயம் வைக்கும் கொடுமையைப் போற்ற வேண்டா. சேவற்கட்டில் ஒரு குடும்பத்தின் ஒரு திங்கள் ஊதியம் ஒரு நொடியில் அழிகிறது. கண்காட்சியில் அவ்வழிவு இல்லை.

ஆனால் இக்கண்காட்சிகளிலும் ஒரு குறை உளது. கிளிமூக்கு, விசிறிவால், பெருவிடை என்று பெயர்கள் தமிழாக இருக்க, நிறத்துக்கு வருங்கால் யாகூத்து, நூரி, பீலா என்று அயற்சொற்கள் புகுந்துவிட்டன. அசீல் என்பதே அரபுவழிச் சொல். மூலமான, தூய வழியினதான என்பது அதன் பொருள். அயற்சொல்லை வெறுப்பதற்காக இது கூறப்படவில்லை. காகம், கீரி, மயில், வல்லூறு, செவலை, வெள்ளை என்று சேவல் நிறங்களுக்கு ஊர்ப்புறத்தில் சொற்கள் இருக்கின்றன. கண்டவுடன் விளங்கும் சொற்கள் அவை. கீரி நிறம் என்றால் சிறுவனுக்கும் புரியும். அவற்றை விட்டுப் பொருள் விளங்காத சொல்லை விலை உயரும் என்பதற்காகச் சொல்லுவது, நல்ல வித்தை எறிந்துவிட்டுப் பதரைப் பட்டுப்பையில் கட்டுவதை ஒக்கும்.

பெயர் போவதால் என்ன இழப்பு என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. நாட்டுக் கால்நடை இனங்களைப் பதிவு செய்வதற்கு நடுவணரசின் நிறுவனம் ஒன்று அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ளது. அதன் பட்டியலில் அசீல் பதிவாகியுள்ளது. அதன் தாயகமாகக் குறிக்கப்பெற்றவை ஆந்திரம், சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலங்கள். தமிழ்நாட்டின் பெயர் அங்கு இல்லை. சேவலுக்குக் கல்லெடுத்த நாடு, சேவலின் தாயகப் பட்டியலில் இல்லை! அதே பட்டியலில் காகசு என்னும் இனம் ஆந்திரத்துக்கும் கருநாடகத்துக்கும் உரியதாக எழுதப்பட்டுள்ளது. வேப்பனப்பள்ளி தாண்டினால் ஆந்திரமும் கருநாடகமும். இவ்வெல்லைக் கோட்டைக் கோழி அறியாது. ஆனால் ஏடு அறியும். அண்டை மாநிலத்தாரைக் குறைகூற இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் தம் கோழியை அளந்தனர், எண்ணினர், எழுதினர், ஆகவே பெற்றனர். எழுதாதவன் இழந்தான். அழுது பயனில்லை, எழுதினால் பயன் உண்டு.

எழுதுவதற்கு முன் கோழி உயிரோடு இருத்தல் வேண்டும். ஆகவே வளர்ப்பைப் பற்றிச் சில சொற்கள். இவை வாணிகப் பண்ணைக்கு உரியவை அல்ல. ஓசூரில் சிறு கொல்லையோ மாடியோ உடைய உழைப்பாளர் குடும்பம் பத்துக் கோழிகளை ஓய்வுநேர மகிழ்ச்சிக்காக வளர்ப்பதற்கு உரியவை.

முதலாவது, உறைவிடம். கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு சதுர அடி இடமாவது இரவுக்கூட்டில் வேண்டும். கூடு நிலத்திலிருந்து உயர்ந்திருத்தல் நன்று. பகைகளுள் கீரி பகலில் வரும். நாய் எப்போதும் வரும். பருந்து பகலில் குஞ்சைத் தூக்கும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிரும் வாடையும் இங்குக் கடுமை. ஆகவே வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தை இரவில் மூடி, மறுபக்கத்தைக் காற்றோட்டத்துக்கு விடல் வேண்டும். முழுவதும் அடைத்தால் சளிநோய் பெருகும்.

இரண்டாவது, அடையும் குஞ்சும். ஒரு கோழியின் கீழ் 10 அல்லது 12 முட்டைகளுக்கு மேல் வைத்தல் கூடாது. ஒரு கிழமைக்கு மேற்பட்ட பழைய முட்டையை அடைவைத்துவிட்டுக் குஞ்சு பொரிக்கவில்லை என்று இடியின்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. புதிய முட்டையாகத் தேர்ந்து வைத்தால் இடி பாதியளவு குற்றமற்றதாகிவிடும்! ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுற்றதில் சிவந்த நரம்புகள் தோன்றும். வெறும் முட்டை தெளிந்திருக்கும். 21 ஆம் நாள் குஞ்சு வெளிவரும். தாயின்றி வளர்க்கும் குஞ்சுக்கு முதற்கிழமையில் 35 பாகை வெப்பம் வேண்டும். பிறகு கிழமைதோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றையொன்று நெருக்கினால் குளிர் என்பது பொருள். விலகி ஓரத்தில் ஒண்டினால் வெப்பம் மிகுதி என்பது பொருள். பரவி மேய்ந்தால் நலம் என்பது பொருள். குஞ்சே வெப்பமானி.

மூன்றாவது, தீனி. இது கேழ்வரகு விளையும் மண். கேழ்வரகும் கம்பும் சோளமும் நல்ல தீனிகள். குஞ்சுக்கும் முட்டையிடும் கோழிக்கும் புரதம் வேண்டும். அதற்குக் கரையானே கையில் உள்ள செல்வம். பழம்பானையில் வைக்கோலையும் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் இட்டு, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. கிளிஞ்சல் தூளை ஒரு சட்டியில் தனியே வைத்தால், வேண்டும்போது அதுவே கொத்திக்கொள்ளும்.

நான்காவது, நோய். ஒரு கொல்லையை ஓர் இரவில் வெறுமையாக்குவது வெள்ளைக் கழிச்சல். நஞ்சுயிரியால் வரும் நோயாதலின் வந்தபின் மருந்தில்லை. முன்னர்த் தடுப்பதே வழி. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் கிழமையில் இறக்கையடியில் ஊசி. இத்தடுப்பூசிக்காகப் பிப்பிரவரித் திங்களில் கால்நடைத் துறை முகாம்கள் நடத்துவது வழக்கம். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்து உருண்டையாகக் கொடுக்கும் நாட்டு மருத்துவமும் உண்டு. அது கோழியின் வலுவுக்குத் துணையாகலாம், தடுப்பூசிக்கு மாற்றாகாது. தமிழ் மருத்துவத்தின்மேல் உள்ள பற்றால் ஊசியை மறுத்துக் கோழியைச் சாகவிடுவது பற்றும் அன்று, அறிவும் அன்று.

கண்காட்சிக்குக் கொண்டு செல்வோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. பல ஊர்ச் சேவல்கள் ஒரு பந்தலில் கூடும் இடத்தில் நோயும் கூடும். 2012 ஆம் ஆண்டில் பெங்களூரை அடுத்த எசரகட்டாவில், நடுவணரசின் கோழிப் பண்ணையிலேயே பறவைக்காய்ச்சல் தோன்றியது. அங்கிருந்த பறவைகள் அழிக்கப்பட்டன. அறிவியலார் காவலிருந்த பண்ணைக்கே அந்நிலை என்றால், சாக்கில் கட்டிப் பேருந்தில் கொண்டு வரும் சேவலுக்கு என்ன காவல்? ஆகவே கண்காட்சியிலிருந்தோ, குந்தாரப்பள்ளி வெள்ளிச் சந்தையிலிருந்தோ, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலிருந்தோ வீட்டுக்கு வரும் எந்தக் கோழியையும் மூன்று கிழமையேனும் தனிக்கூட்டில் வைத்து, நோயின்மை தெரிந்த பின்னரே மற்றவற்றோடு விடல் வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். நல்ல விசிறிவால் சேவல் ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. சில சேவல்களுக்கு இலக்கக் கணக்கில் விலை பேசப்படுகிறது. இதனைக் கேட்டு, சேமிப்பையெல்லாம் கொட்டிச் சேவல் வாங்கும் இளைஞர் உளர். 2012 ஆம் ஆண்டில் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக்கோழி என்னும் ஆசையால் எத்தனை குடும்பங்கள் பொருள் இழந்தன என்பதை நாடு மறந்திருக்காது. பறவையின் பயனால் வரும் விலை நிற்கும். பேச்சினால் ஏறும் விலை பேச்சோடு போகும். ஓய்வுநேர இன்பமாகத் தொடங்கியதை ஓட்டாண்டி வேலையாக்கிக்கொள்ள வேண்டா. அளவுக்கு மீறிய வடிவ ஆசையும் அவ்வாறே. அலகு அழகாக வளையட்டும். ஆனால் கூலமணியைக் கொத்த இயலாத அளவு வளைந்தால் அஃது அழகன்று, ஊனம். வால் நீளட்டும், நடக்கவும் இணையவும் தடையாகும் அளவு நீண்டால் அவ்வழி அத்தோடு முடியும். பரிசு பெற்ற ஒரே சேவலின் வழியிலேயே தந்தையும் மகளுமாக மீண்டும் மீண்டும் இணைத்தால், குஞ்சின் எண்ணிக்கையும் வலிவும் குன்றும். நடுவர் இவற்றுக்கு மதிப்பெண் குறைத்தல் வேண்டும். நன்றாக மேய்கிறதா, நடக்கிறதா, குஞ்சு வலுவாக உள்ளதா என்பவையும் அழகின் இலக்கணத்துள் அடங்கும்.

இனிச் செய்யத் தக்கது யாது? ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824 ஆம் ஆண்டில் (தி.பி. 1855) ஆங்கிலேயர் தம் படைக்குக் குதிரை பேணுவதற்காக ஒரு பண்ணை அமைத்தனர். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலம் 1924 இல் கால்நடைத் துறையின் கைக்கு வந்தது. இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. அதே மத்திகிரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோழியினக் கல்லூரி உள்ளது. கோழியைப் பற்றியே பட்டம் தரும் கல்லூரி கூப்பிடு தொலைவில் இருக்க, கொல்லையில் கோழி வளர்ப்பவர் அதன் வாயிலை மிதிக்காதிருப்பது முறையன்று. அங்குள்ள அறிஞரும் கொல்லைகளுக்கு வருதல் வேண்டும். உழவர் பெண்ணின் சொற்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும்.

வளர்ப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். பள்ளிச் சிறுவனின் கோடிட்ட குறிப்பேடு போதும். கோழியின் பெயர், நிறம், கால், கொண்டை, தாய், தந்தை, பொரித்த நாள், எடை, இட்ட முட்டை, ஊசி போட்ட நாள். இவ்வளவே. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும் என்பது பொதுக்கணக்கு. தன் கோழி எத்தனை இட்டது என்பதை அறிந்தவரே மிகுதியாக இட்ட கோழியின் முட்டையை அடைக்குத் தேர்ந்து வைக்க முடியும். படிக்கும் பிள்ளையிடம் அக்குறிப்பேட்டைக் கொடுங்கள். அவன் தமிழும் எழுதுவான், கணக்கும் பயில்வான், உயிரின் அருமையும் உணர்வான். பத்து ஊர்களில் பத்துப் பத்துக் குறிப்பேடுகள் பத்தாண்டு எழுதப்பட்டால், சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் தமிழில் ஒரு வரையறை நூல் அமையும். கர்னாலின் வாயிலில் அதனைக் கொண்டுபோய் வைத்து, இவ்வினத்தின் தாயகம் இது என்று கேட்கலாம். அன்று இல்லையென்று சொல்ல எவருக்கும் வாய் இராது.

பொங்கல் விழாக்களில் கோலப்போட்டியும் ஓட்டப்போட்டியும் வைக்கின்றோம். அவற்றோடு ஒரு கோழிக் கண்காட்சியும் வைக்கலாம். பெருஞ்சேவலுக்கு ஒரு பரிசு. ஆனால் அதனினும் பெரிய பரிசு, குஞ்சுகளோடு வந்த நல்ல தாய்க்கோழிக்கு. வளர்ப்பவர் பெரும்பாலும் பெண்களாக இருக்க, மேடையில் நிற்பவர் எல்லாம் ஆண்களாக இருப்பது நேர்மையன்று. முட்டை விற்ற காசில் பிள்ளைக்குப் பலகையும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்த தாய்மாரின் கைக்கும் அப்பரிசு செல்லட்டும். ஒவ்வொரு கூண்டின்மேலும் கோழியின் இனமும் நிறமும் தமிழில் எழுதப்பட்டிருக்கட்டும். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் தெலுங்கு பேசும் நண்பரும் வரட்டும். அவரவர் மொழிச்சொல்லையும் பக்கத்தில் எழுதட்டும். தன் மொழியைப் பேணுகிறவன் பிறர் மொழிக்குப் பகைவன் அல்லன்.

தமிழ் நெஞ்சங்களே! பதினைந்து நூற்றாண்டுக்கு முன் மேற்சேரியில் ஒரு சேவல் மாய்ந்தது. அச்சேரியினர் செல்வர் அல்லர். ஆனால் கல்லில் எழுதினர். ஆகவே அவர்களும் வாழ்கின்றனர். அவர்கள் சேவலும் வாழ்கிறது. கீழ்ச்சேரியின் பொற்கொற்றி இன்றும் பெயரோடு நிற்கிறது. இன்று தாளும் எழுதுகோலும் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன, எழுதத்தான் ஆளில்லை. நாளை விடியலில் சேவல் கூவும்போது, ஆலைச்சங்கு ஒலிப்பதற்கு முன் உள்ள அந்தச் சிறு பொழுதில், கூட்டைத் திறந்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். சேவலுக்குக் கல்லெடுத்த நாடு அதற்கு ஓர் ஏடாவது எடுக்கட்டும்!